23 வருடம் கழித்துப் பரணிலிருந்து இறங்கிய மேண்டலின்: எங்கே ஆரம்பிப்பது?

பரண்_பெட்டி | 6 ஜனவரி 2024, இரவு 10:52

வணக்கம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டா, மகனின் நடைவண்டி, அதற்குப் பின்னால் என் மேண்டலின் பெட்டி. 2001-இல் மூடியது. இடையில் இரண்டு வீடு மாறியிருக்கிறோம். இரண்டு முறையும் லாரியில் ஏற்றியவரிடம் "பார்த்து, பார்த்து" என்று சொன்னதோடு சரி, திறந்து பார்த்ததில்லை.

முன்கதை கொஞ்சம். 1985-இல் எனக்குப் பத்து வயது, மேண்டலின் ஸ்ரீனிவாஸுக்குப் பதினாறு. திருச்சியில் அவரைக் கேட்டுவிட்டு வீட்டில் அழுது மேண்டலின் வாங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன். வாத்தியார் வயலின்காரர், மேண்டலினைத் தொட்டதே கிடையாது. அவர் பாடுவார், நான் தந்தியில் தேடுவேன். சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற ஆரம்பப் பயிற்சிகள் எல்லாம் முடித்து, பத்துப் பதினைந்து வர்ணம், இருபது கீர்த்தனை வரை வந்தேன். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் இரண்டு முறை ஒரு மணி நேரக் கச்சேரி கூட நடந்தது. அப்புறம் வேலை, ஷிப்டு, கல்யாணம்.

கருவி ஐந்து ஒற்றைத் தந்தி உள்ள எலக்ட்ரிக் மேண்டலின், உள்ளே பொந்து இல்லாத கட்டை உடம்பு. நேற்று இரவு பழைய தந்திகளையே சுருதி கூட்டினேன். மேல் தந்தி பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. சரி என்று மற்ற நாலில் மோகன வர்ணத்தை எடுத்தேன். மனசுக்குள் முக்தாயி சுரம் வரை ஒரு சுரம் தப்பாமல் ஓடுகிறது. விரல் முதல் ஆவர்த்தனத்திலேயே நின்றுவிட்டது. மோதிர விரல் போக வேண்டிய ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) முந்தையதில் போய் விழுகிறது. பத்து நிமிடத்தில் விரல் நுனியெல்லாம் மிளகாய் அரைத்த எரிச்சல்.

மறுபடி சரளி வரிசையிலிருந்தா? இல்லை தெரிந்ததை வாசித்துக்கொண்டே போனால் வந்துவிடுமா? இந்தக் கருவி இன்னும் உருப்படியா என்பதே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஃப்ரெட்_தேய்ப்பவர் | 7 ஜனவரி, காலை 8:15

சார், விரலை அப்புறம் பார்க்கலாம். முதலில் கருவி. 23 வருடத் துருப்பிடித்த தந்தியை முழுச் சுருதிக்கு ஏற்றியிருக்கிறீர்கள். கன்னத்தோடு போனதே பெரிது. மிச்ச நாலையும் இன்றைக்கே தளர்த்திக் கழற்றிவிடுங்கள்.

பரணைப் போல மரக் கருவிக்கு ஆகாத இடம் வேறில்லை. சித்திரை வெயிலில் கூரைக்கு அடியில் அது அடுப்பு. பசை இளகும், கழுத்து வளையும். சாதாரண எட்டுத் தந்தி மேண்டலினில் எல்லாத் தந்தியும் சேர்ந்து இழுக்கிற இழுவை சுமார் 70 முதல் 80 கிலோ. ஓர் ஆள் இருபது வருடம் அதன் தலையில் தொங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். உங்களுடையது ஐந்து தந்தி, கட்டை உடம்பு, அதனால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

புதுத் தந்தி போட்டபின் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி நல்லது. ஒரு ரூபாய்க் காசு நுழைந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது, உள்ளே டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி இருந்தால் திருப்பிச் சரி செய்யலாம். அடுத்தது 12-ஆம் ஃப்ரெட். அங்கே தந்தியை லேசாகத் தொட்டு மணி போல ஒலிக்க வையுங்கள், பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தும்போது சுருதி ஏறினால் பிரிட்ஜை (உடம்பின் மேல் தந்தியைத் தாங்கும் பகுதி) வால் பக்கம் நகர்த்துங்கள், இறங்கினால் கழுத்துப் பக்கம்.

தந்தி வாங்கும் முன் வால் பக்கம் கொக்கியா, துளையா என்று பாருங்கள். கொக்கி என்றால் நுனியில் கண்ணி போட்ட மேண்டலின் தந்தி. துளை என்றால் நுனியில் குண்டு வைத்த கிட்டார் தந்தி. தெரியாமல் மாற்றி வாங்கி வந்து கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். தந்தியின் ஒலியை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் கெட்டிருக்காது. கரகர சத்தம் வந்தால் அது வயர் செருகும் ஜாக்கும் வால்யூம் திருகியும்தான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஃப்ரெட்டுகளைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

எட்டுத்தந்தி | 7 ஜனவரி, பகல் 1:30

சரளி வரிசை என்று யாராவது எழுதுவதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன்: வேண்டாம். நாற்பத்தொன்பது வயதில் வேலை முடிந்து வந்து ஸரிகம வாசித்தால் நாலாம் நாள் பெட்டி பரணுக்கே போய்விடும். பிடித்த பாட்டை எடுங்கள். தப்பாக வரட்டும். கை தானாகத் திரும்பும்.

நான் கோவையில் மெல்லிசைக் குழுவில் இருந்தவன். கீபோர்டில் 'மேண்டலின்' என்று ஒரு பட்டன் வந்தது, என் நாற்காலி போனது. எட்டு வருடம் தொடவில்லை. திரும்பி வந்தபோது எல்லோரும் சொல்வது போல இடது கை விரல் என்னைப் படுத்தவில்லை. வலது கைதான் காலை வாரியது. மேண்டலினில் நீளமான சுரத்தை நிறுத்த வேண்டுமானால் தந்தியை மீட்டும் பிக்கை மேலும் கீழும் வேகமாக ஆட்ட வேண்டும் அல்லவா, அந்த டிரெமலோ ஓட்டை வண்டி மாதிரி குலுங்கியது. முழங்கையால் ஆட்டுகிறேன் என்று வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. மணிக்கட்டுதான் ஆட வேண்டும். கெட்டியான பிக்கை எடுத்து, பிடியை மட்டும் தளர்வாக வைத்து, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் போட்டு ஒரு தட்டுக்கு நாலு அடி. ஒரே சுரம். தினமும் ஐந்து நிமிடம் போதும்.

(இதுவும் ஒரு சரளி வரிசைதானே என்று கேட்காதீர்கள்.)

வீணைக்காரி | 7 ஜனவரி, மாலை 6:05

கேட்கத்தான் போகிறேன் சார். ஒரே சுரத்தை ஐந்து நிமிடம் அடிக்கச் சொல்லிவிட்டு சரளி வேண்டாம் என்றால் எப்படி!

பரண்_பெட்டி அவர்களே, இருபத்தெட்டு வருடமாக வீணை சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஐம்பதுக்கு மேல் திரும்பி வரும் பெண்கள் என்னிடம் நிறைய பேர். சரளியை முதலிலிருந்து கடைசி வரை பாடமாக எடுக்க வேண்டாம். அது உங்களுக்குத் தெரியும். மாயாமாளவகௌளையில் முதல் வரிசை ஒன்றே ஒன்று, மூன்று காலத்தில் (வேகத்தில்), பத்து நிமிடம். ஏன் அந்த ராகம் என்றால், ஃப்ரெட் கணக்கில் அது ஒன்று, மூன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று என்று போகும். குட்டி எட்டும் நீள எட்டும் மாறி மாறி வரும். உங்கள் மோதிர விரல் முந்தைய ஃப்ரெட்டில் விழுகிறது என்றீர்களே, அது அளவு மறந்த விரல். அதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

முதல் இரண்டு வாரம் தந்தியை இழுத்து கமகம் (சுரத்தை அசைப்பது) வாசிக்காதீர்கள். தோல் கிழிந்தால் ஒரு வாரம் வீணாகும். மோகனம் பரவாயில்லை, அதன் காந்தாரம் (க) அதிகம் அசையாது. தோடி, சஹானா பக்கம் இப்போது போகவே வேண்டாம்.

சும்மா_கேட்பவள் | 7 ஜனவரி, இரவு 9:40

எனக்கு எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது, சும்மா படிக்கிறேன். ஒரு சந்தேகம். சாதாரண மேண்டலினில் எட்டுத் தந்தி இருக்கிறது. ஸ்ரீனிவாஸ் வைத்திருந்ததில் மட்டும் ஏன் ஐந்து?

வீணைக்காரி | 8 ஜனவரி, காலை 7:20

நல்ல கேள்வி அம்மா. எட்டுத் தந்தி என்றாலும் அவை நாலு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரே சுருதி. கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது இரண்டும் ஒரே அளவு ஏறாது, பிசிறும். ஒற்றைத் தந்தியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒற்றைத் தந்திக்கு ஓசை குறைவு, சீக்கிரம் அடங்கியும்விடும். அதை ஈடுகட்ட எலக்ட்ரிக். மீட்டியபின் ஒலி நிற்கும், நிற்கிற ஒலியை இழுத்து வளைக்கலாம். ஐந்தாவது தந்தி மந்திர ஸ்தாயிக்கு, அதாவது கீழ்ச் சுரங்களுக்கு, உதவும்.

ஸ்ரீனிவாஸ் பிறந்தது ஆந்திரத்துப் பாலகொல்லில், 1969-இல். ஆறு வயதில் அப்பா வைத்திருந்த மேண்டலினை எடுத்தவர். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கும் மேண்டலின் வாசிக்கத் தெரியாது, பாடித்தான் சொல்லிக் கொடுத்தார். பரண்_பெட்டியின் வயலின் வாத்தியார் கதையைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. 1978-இல் குடிவாடாவில் முதல் கச்சேரி, 1981-இல் சென்னை. மேல்நாட்டு வாத்தியத்தில் கர்நாடக சங்கீதமா என்று முகம் சுளித்தவர்கள் அப்போது இருந்தார்கள். கேட்டபின் அடங்கினார்கள். 2014 செப்டம்பரில் 45 வயதில் போய்விட்டார். அன்றைக்கு என் வகுப்பில் யாரும் வாசிக்கவில்லை.

எட்டுத்தந்தி | 8 ஜனவரி, காலை 11:02

மரியாதையோடு ஒரு சின்ன மறுப்பு. ஜோடித் தந்தியில் நம் ராகங்களே வராது என்று ஆகிவிடக் கூடாது. பம்பாயில் சஜ்ஜாத் ஹுசைன் என்று ஓர் இசையமைப்பாளர் இருந்தார், மேண்டலினில் இந்துஸ்தானி ராகங்களை வாசித்தவர். கருவி மாறினால் வழி மாறும், அவ்வளவுதான். எங்களுக்கு டிரெமலோ இருக்கிறது, உங்களுக்கு இழுப்பு இருக்கிறது.

வீணைக்காரி | 8 ஜனவரி, காலை 11:30

இந்துஸ்தானியில் 'மீண்ட்' என்கிற இழுப்பும் நம் கமகமும் ஒன்றில்லை சார். இதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம், இது பரண்_பெட்டியின் இழை.

டொராண்டோ_குளிர் | 9 ஜனவரி, அதிகாலை 4:48

வணக்கம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் மாமாவின் மேண்டலினில் தொடங்கினேன். பிறகு இடப்பெயர்வு, கனடா, இரண்டு வேலை என்று பதினேழு வருடம் தொடவே இல்லை. 2016-இல் திரும்பவும் எடுத்தேன், அதனால் உங்கள் விரல் எரிவது எனக்கு நல்லாய் விளங்கும்.

இரண்டு விசயம். ஒன்று, சுருதியை இறக்குங்கள். தந்தியின் இழுவிசை சுருதியின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். மூன்று கட்டையில் வைத்திருந்தால் இரண்டு கட்டைக்குக் கொண்டு வாருங்கள். விரல் காய்த்த பிறகு ஏற்றலாம். என்னுடையது எட்டுத் தந்தி. முதல் மாதம் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு தந்தியைக் கழற்றிவிட்டு நாலே தந்தியில் வாசித்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். விரல் சிரிக்கவில்லை.

இரண்டாவது, பெட்டி. இங்கே மாரியில் ஹீட்டர் போட்டால் வீட்டுக் காற்று அப்பளம் போலக் காய்ந்துவிடும், மரம் வெடிக்கும். பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைக்கிறோம். உங்களுக்கு நேர் எதிர் பிரச்சினை, மழைக் காலத்தில் சிலிக்கா ஜெல் வைக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் மரத்துக்குச் சுகம். அளக்கிற சின்னக் கருவி மலிவு, ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள்.

பரண்_பெட்டி | 14 ஜனவரி, இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி, பொங்கல் வாழ்த்துகள்.

நடந்ததைச் சொல்கிறேன். தந்தி வாங்கப் போன கடையில் கருவியைக் காட்டினேன். வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, கழுத்து போய்விட்டது, மாற்ற எட்டாயிரம் ஆகும், அதற்குப் புதிதே வாங்கலாம் என்று சுவரில் தொங்கியதைக் காட்டினார். ஒன்றும் பேசாமல் தந்தியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். (குண்டு முனை.) வீட்டில் வந்து விசிட்டிங் கார்டு வைத்துப் பார்த்தால் கச்சிதமாக நுழைகிறது! 12-ஆம் ஃப்ரெட்டில் மட்டும் கொஞ்சம் ஏறியது, பிரிட்ஜ் திருகியை இரண்டு சுற்று திருப்பினேன், சேர்ந்துவிட்டது. ஜாக்கின் கரகரப்பும் போய்விட்டது.

இரண்டு கட்டைக்கு இறக்கிவிட்டேன். ச ப ச ப என்று வாத்தியார் சொன்ன அதே கூட்டல்தான். மாயாமாளவகௌளை பத்து நிமிடம், வலது கைக்கு ஐந்து நிமிடம், ஆக இரண்டு கட்சிக்கும் ஓட்டு போட்டிருக்கிறேன்.

ஃப்ரெட் போட்டோ இணைத்திருக்கிறேன்.

ஃப்ரெட்_தேய்ப்பவர் | 15 ஜனவரி, காலை 8:40

கருவி நல்ல கருவி. அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

போட்டோ பார்த்தேன். முதல் ஃப்ரெட்டிலிருந்து ஐந்தாவது வரை தந்திக்கு நேர் கீழே ஒல்லியாகப் பள்ளம் இருக்கிறது, இன்னும் சில வருடம் தாங்கும். ஒரு விஷயம், கோபித்துக்கொள்ள வேண்டாம். கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர்களின் கருவி என்னிடம் வந்தால் ஃப்ரெட் அகலமாகத் தேய்ந்திருக்கும், வழுவழு என்று, பக்கவாட்டில். தந்தியை இழுப்பதால் வருகிற தேய்மானம் அது. உங்களுடையதில் அது இல்லையே. நீங்கள் அதிகம் இழுக்காத ஆளா?

பரண்_பெட்டி | 15 ஜனவரி, இரவு 10:10

பதினாறு வருடம் கர்நாடகம்தான் வாசித்தேன் சார். இழுக்காமல் எப்படி. போட்டோவில் வெளிச்சம் சரியாக விழவில்லை என்று நினைக்கிறேன்.

கைவலி_வைத்தியன் | 16 ஜனவரி, காலை 6:55

மதுரையில் பிசியோதெரபி பார்க்கிறேன், மிருதங்கக்காரர்கள், தவில்காரர்கள் வருவார்கள். மேண்டலின் எனக்குத் தெரியாது, விரல் தெரியும்.

விரல் நுனித் தோல் எரிவது பிரச்சினை இல்லை. மூன்று நாலு வாரத்தில் காய்த்துவிடும். தண்ணீரில் ஊறிய கையோடு, அதாவது குளித்ததும் பாத்திரம் கழுவியதும் உடனே வாசிக்காதீர்கள், அப்போதுதான் தோல் உரியும். ஆனால் மணிக்கட்டில் வலி, கட்டை விரல் அடியில் வலி, சுண்டு விரல் மரத்துப் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிற வயது தாண்டிவிட்டது. ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் வேண்டாம், பதினைந்து நிமிடமாக மூன்று தடவை.

சர்க்கரை இருக்கிறதா? இருந்தால் காலையில் எழுந்ததும் விரல் மடங்கி 'டக்' என்று விடுபடுகிறதா என்று கவனியுங்கள். டிரிகர் ஃபிங்கர் என்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். வந்தால் இணையத்தில் கேட்காமல் டாக்டரிடம் போங்கள்.

பரண்_பெட்டி | 16 ஜனவரி, இரவு 9:33

சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுப்பாட்டில். விரல் இதுவரை மடங்கவில்லை. காலை, சாயங்காலம், இரவு என்று பிரித்துவிட்டேன். காலை பதினைந்து நிமிடம்தான் சண்டை, சமையல்கட்டில் மிக்ஸி ஓடுகிற நேரம் அது. ஆம்ப்ளிஃபயரை விட மிக்ஸி சுருதி சுத்தம் என்கிறான் மகன்.

பரண்_பெட்டி | 18 பிப்ரவரி, இரவு 11:20

ஆறு வாரம் ஆகிவிட்டது. நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில். விரல் காய்த்துவிட்டது. மோதிர விரல் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. மோகன வர்ணம் இரண்டு காலத்தில் முழுசாக வந்துவிட்டது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் ஜண்டை வரிசை தானாகவே கையில் வந்து நின்றது, நான் யோசிக்கக்கூட இல்லை.

கெட்டது இப்போது. போன ஞாயிற்றுக்கிழமை வீணைக்காரி அம்மா சொன்னதை மீறித் தோடியை எடுத்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த ராகம். போனில் பதிவு செய்தேன். வாசிக்கும்போது அப்படியே பழைய கை திரும்பிவிட்டது என்று சந்தோஷம், கண்ணில் தண்ணீரே வந்தது. பதிவைக் கேட்டேன். தோடியே இல்லை.

காந்தாரம் அசையவில்லை. ரி-யிலிருந்து க வழியாக ம வரை ஃப்ரெட் மேல் விரலை வழுக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன். படிக்கட்டில் பை உருட்டுகிற மாதிரி இருக்கிறது. வயசான விரல், அதனால்தான் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் சந்தேகம் வந்து, அண்ணன் வீட்டில் 1998 கோயில் கச்சேரி கேசட் இருந்தது, அதைத் தேடி வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அதே வழுக்கல். அதே இடத்தில், அதே வேகத்தில். 23 வருடம் கழித்தும் விரல் அச்சுப் பிசகாமல் அதையே செய்திருக்கிறது.

அப்போது யாரும் சொல்லவில்லை. வாத்தியார் பாடியதைத் தேடிப் பிடித்து வாசித்தேன், தடித்த தந்தி, மூன்று கட்டைச் சுருதி, இழுக்கப் பத்து வயதுக் கையில் பலம் இல்லை. வழுக்கினால் ஏறக்குறைய வந்தது. அதுவே பழக்கம் ஆகிவிட்டது. இந்த இருபது வருடம் காரில், ரயிலில் என்று தோடியாகக் கேட்டுக் குவித்திருக்கிறேன், காது எங்கேயோ போய்விட்டது. கை 1998-இல் நிற்கிறது.

ஃப்ரெட்_தேய்ப்பவர் சார், போட்டோவில் வெளிச்சம் சரியாகத்தான் விழுந்திருந்தது.

எட்டுத்தந்தி | 19 பிப்ரவரி, காலை 10:15

தெரிந்த பாட்டை வாசித்தால் கை தானாகத் திரும்பும் என்று எழுதினேன். திரும்பத்தான் செய்யும், எது திரும்பும் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். நேற்று உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் பழைய டிரெமலோவைக் கேட்டேன். முழங்கை ஆட்டம் எட்டு வருட இடைவெளியில் வந்ததில்லை. கோவை மேடையிலேயே இருந்திருக்கிறது.

வீணைக்காரி | 19 பிப்ரவரி, மாலை 5:50

தோடியை எடுக்காதே என்றேன். எடுத்ததும் நல்லதுக்குத்தான் போலிருக்கிறது.

திரும்பி வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முதலில் திரும்புவது பழைய குறுக்கு வழி. அதைத்தானே ஆயிரம் தடவை வாசித்திருக்கிறீர்கள். சரியாக வாசித்தது பத்துத் தடவை இருந்தால் அதிகம். இதே தப்பை விடாமல் 23 வருடம் வாசித்திருந்தால் நான் கையை விரித்திருப்பேன். இடையில் நிறுத்தியதால் இப்போது கொஞ்சம் இளகி இருக்கிறது. ஆறு வாரம்தான் ஆகிறது, மறுபடி இறுகும் முன் மாற்றுங்கள்.

எப்படி என்றால்: ஆதார ஸ்வரம் திறந்த தந்தி என்றால் சாதாரண காந்தாரம் (தோடியின் க) மூன்றாவது ஃப்ரெட். விரலை அங்கேயே வையுங்கள், நகர்த்தக் கூடாது. மத்யமம் (ம) கேட்கும் வரை, அதாவது இரண்டு ஃப்ரெட் உயரம், தந்தியை இழுத்து விடுங்கள். ஒரு விரலால் முடியாது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து தள்ள வேண்டும். முதலில் ஐந்தாவது ஃப்ரெட்டில் மத்யமத்தை வாசித்துக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு மூன்றாவதிலிருந்து இழுத்து அங்கே போய்ச் சேருங்கள். தம்பூரா ஓடட்டும். நிதானமாக. வர்ணம் வேண்டாம், கீர்த்தனை வேண்டாம், ஒரு மாதம் இந்த ஒரு காந்தாரம். வாயால் பாடிவிட்டு இழுங்கள். உங்கள் வாத்தியார் விட்டுப் போனது பாட்டைத்தானே.

ஃப்ரெட்_தேய்ப்பவர் | 19 பிப்ரவரி, இரவு 8:05

அந்தத் தந்தியை ஒரு அளவு மெலிதாக்குங்கள். 11 போட்டிருந்தால் 10. சுருதி இரண்டு கட்டையிலேயே இருக்கட்டும். இப்போது இழுத்தால் வரும், அப்போது நிஜமாகவே வந்திருக்காது. பத்து வயதுப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

டொராண்டோ_குளிர் | 20 பிப்ரவரி, அதிகாலை 5:10

இதைப் படித்துவிட்டு என்னுடைய பழைய பதிவைக் கேட்கப் பயமாய் இருக்கு அண்ணை. கேட்கத்தான் வேணும்.

பரண்_பெட்டி | 7 ஏப்ரல், இரவு 10:30

சின்னத் தகவல். 10-ஆம் எண் தந்தி போட்டேன். ஏழு வாரமாக அதே காந்தாரம். முதல் பத்து நாள் மத்யமம் வரை எட்டவே இல்லை, கோமாவில் கிடக்கிற நோயாளி மாதிரி லேசாக அசைந்தது. இப்போது பத்துக்கு ஆறு தடவை எட்டுகிறது. மிச்ச நாலில் விரல் திருட்டுத்தனமாக வழுக்கப் பார்க்கிறது, பிடித்து நிறுத்துகிறேன். நேற்று ரி க ம க ரி என்று ஒரு சின்னப் பிடி. சமையல்கட்டிலிருந்து "இது தோடியா?" என்று கேள்வி வந்தது. அவளுக்குச் சங்கீதம் தெரியாது, என்னோடு காரில் கேட்ட பழக்கம்தான்.

வேறு எதுவும் வாசிக்கவில்லை. மகன் வேறு பாட்டே தெரியாதா என்கிறான்.

ஒரு கேள்வி: மூன்றாவது ஃப்ரெட்டில் இழுக்கும்போது மண் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது. தந்தியா, ஃப்ரெட்டா?

ஃப்ரெட்_தேய்ப்பவர் | 8 ஏப்ரல், காலை 8:20

ஃப்ரெட்தான். பழைய பள்ளத்தின் விளிம்பில் தந்தி ஏறி இறங்குகிறது. 2000 கிரிட் உப்புத்தாளால் நீளவாட்டில் லேசாகத் தேய்த்து, துணியால் துடையுங்கள். மரத்தில் படாமல் இருபக்கமும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அதிகம் தேய்க்க வேண்டாம், மிச்சத்தை நீங்கள் இழுப்பதே தேய்த்துவிடும். ஆடி மாதம் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அகலமாகத் தேய்ந்திருந்தால் கருவியோடு வாருங்கள், பாதிக் கூலிக்குச் சமன் செய்து தருகிறேன்.